எழுதாத மழைக்கு நாள் கிடைக்காது

அரசுக் கட்டட வேலையில் தாமதம் என்று மாட்டிக்கொண்டு ஆலோசனை கேட்டு வரும் நம்மவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று, குறித்த நாளில் வேலை முடியவில்லை என்று ஜேகேஆர், அதாவது பொதுப்பணி இலாகா, கொடுத்த சான்று. இன்னொன்று, இன்றுமுதல் நாளொன்றுக்கு இத்தனை வெள்ளி பிடித்தம் என்ற அறிவிப்பு. இரண்டும் அவர்களுக்கு வந்தவை. அவர்கள் எழுதியது எங்கே என்று கேட்டால் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும்: “அண்ணே, மழை பெஞ்சது ஊருக்கே தெரியும். பைலிங்கை நிறுத்தச் சொன்னதே அந்த எஞ்சினியர்தான். இதுக்குப் போயி லெட்டரா?”

அவர்கள் சொல்வது உண்மைதான். மழை பெய்தது, எஞ்சினியரும் நிறுத்தச் சொன்னார். ஆனால் கால நீட்டிப்பு விண்ணப்பம் மேசைக்கு வரும்போது அந்த எஞ்சினியர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் கோப்பைத் திறப்பார். கோப்பில் மழை இருக்காது. தாமதம் யாருடையது என்பதை, அந்த வேலை நடந்த வாரத்திலேயே எழுதப்பட்ட காகிதம்தான் முடிவுசெய்கிறது. ஆறு மாதம் கழித்து எழுதும் எவ்வளவு அழகான கடிதமும் அதற்கு ஈடாகாது.

பினாங்கில் பள்ளி, கிளினிக், அரசுக் குடியிருப்பு, வடிகால் என்று சிறிய, நடுத்தர அரசு வேலைகளை எடுப்பவர்களுக்காகவும், பெரிய குத்தகையாளரிடமிருந்து வயரிங், பிளாஸ்டரிங், பெயின்ட், குழாய் வேலையைச் சப்-கான்டிராக்டாக எடுப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சப்-கான்டிராக்ட் எடுப்பவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறவர். அவரைப் பற்றிப் பின்னால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஒப்பந்தம் எது என்று பாருங்கள். சூராட் செத்துஜு தெரிமா என்ற ஏற்புக் கடிதம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் பலர் அதற்குப் பின்னால் இருக்கும் படிவத்தைத் திறப்பதே இல்லை. அளவுப் பட்டியலுடன் கூடிய ஜேகேஆர் வேலைகளுக்குப் பெரும்பாலும் 203ஏ என்ற படிவம், 2010 திருத்தம். வரைபடமும் விவரக்குறிப்பும் மட்டும் அடிப்படையானால் 203. சின்ன செபுட் ஹர்கா, அதாவது விலைப்புள்ளி, வேலைகளுக்கு அதனதன் நிபந்தனைகள் தனி. 203ஏ என்றால் நான்கு விதிகளை இன்றிரவே படித்துவிடுங்கள்: 40 தாமத இழப்பீடு, 43 கால நீட்டிப்பு, 44 நட்டமும் செலவும், 51 ஒப்பந்த முறிப்பு. மலாய் சரளமாக வராவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மாலை நேரம் பின்னாளில் பெரிய பணத்தைக் காக்கும்.

இப்போது எல்ஏடி எனப்படும் அந்தத் தாமத இழப்பீடு. நாள் கணக்கில் பிடிக்கும் இந்தத் தொகை எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமான கணக்கு எளிது: ஒப்பந்தத் தொகையை வங்கியின் அடிப்படைக் கடன் வட்டி விகிதத்தால் பெருக்கி, ஓராண்டின் நாள்களுக்கு வகுப்பது. 30 லட்சம் வெள்ளி வேலை, வட்டி 6.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏறத்தாழ 534 வெள்ளி. மூன்று மாதம் இழுத்தால் 48,000 வெள்ளி. சின்னக் குத்தகையாளர் ஒருவருக்கு அந்த வேலையின் மொத்த இலாபமே அதில் போய்விடக்கூடும். உங்கள் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையில் அந்தத் தொகை அச்சிட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே பார்க்கவேண்டிய எண் அது.

“பள்ளிக்கூடம் மூணு மாசம் லேட்டா திறந்ததுல அரசாங்கத்துக்கு என்ன நட்டம்? காட்டச் சொல்லுங்க” என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு வலு இருந்தது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவை வைத்து, ஒரு கிளினிக் விற்பனை வழக்கில் 1995இல் கூட்டரசு நீதிமன்றம், ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும் உண்மை நட்டத்தை நிரூபிக்கவேண்டும் என்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டுமான வழக்குகளில் அது பெரிய கேடயமாக இருந்தது. பிறகு கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் வழக்கில், 2019 சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பில், அதே நீதிமன்றம் நிலையை மாற்றியது. ஒப்பந்த மீறல் நடந்தது, ஒப்பந்தத்தில் இந்தத் தொகை இருக்கிறது என்று காட்டினால் போதும். அது நியாயமற்ற தொகை என்று நிரூபிக்கும் பாரம் மீறியவர் தலையில். போதாக்குறைக்கு, நட்டத்தை அரசு நிரூபிக்கத் தேவையில்லை என்று குத்தகையாளரே ஒப்புக்கொள்வதாக 203ஏ படிவத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பழைய கேடயத்தை நம்பிப் போகாதீர்கள்.

உங்களுக்கு இருக்கும் உண்மையான பாதுகாப்பு நாள்கள். நாள் நீட்டிப்பு கிடைத்தால் எல்ஏடி அந்த அளவுக்குக் கரையும். அதோடு இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். வேலை முடியாமைச் சான்று முறையாகக் கொடுக்கப்பட்டதா? அதில்லாமல் பிடித்தம் தொடங்கக்கூடாது. கட்டடத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டதா? கீழ்த்தளத்தில் வகுப்பு நடக்க, மேல்தளத்தில் நீங்கள் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தால், முழுத் தொகைக்கு எல்ஏடி பிடிப்பது சரியில்லை. ஒப்படைத்த பகுதியின் மதிப்புக்கு ஏற்பக் குறையவேண்டும். எந்தத் தேதியில் சாவியைக் கொடுத்தீர்கள் என்பதற்குக் கையொப்பம் வாங்கியிருக்கிறீர்களா என்பதே அங்கு கேள்வி.

43ஆம் விதி சொல்லும் காரணங்களில் பினாங்கில் அடிக்கடி எழுபவற்றைப் பார்ப்போம். மழையிலிருந்து தொடங்குகிறேன். படிவம் கேட்பது வழக்கத்துக்கு மாறான கடுமையான வானிலை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கொட்டும் என்பது டெண்டர் போடும்போதே எல்லோருக்கும் தெரியும். அக்டோபரில் பத்து நாள் மழை பெய்தது என்று எழுதினால் நாள் கிடைக்காது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த மழையைப் போன்றது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்ட உங்கள் வார்த்தை போதாது. வானிலைத் துறையின் பாயான் லெப்பாஸ் நிலையப் பதிவைக் காசு கட்டி வாங்கி, முந்தைய ஆண்டுகளின் அதே மாதச் சராசரியோடு ஒப்பிட்டுக் கொடுக்கவேண்டும். அதோடு அந்த மழை எந்த வேலையை நிறுத்தியது என்றும் சொல்லவேண்டும். கூரை போட்டபின் உள்ளே பிளாஸ்டர் பூசும் கட்டத்தில் பெய்த மழைக்கு நீட்டிப்பு கேட்டு, விண்ணப்பம் முழுவதன் மதிப்பையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்தது பக்கத்து வீட்டுச் சுவர். ஜார்ஜ்டவுனில் இது தனிப் பிரச்சினை. பழைய கடைவீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன, அடித்தளம் ஆழமில்லாதது. நீங்கள் பைல் அடித்தால் அடுத்த வீட்டில் விரிசல் வரும். வராவிட்டாலும் பழைய விரிசலைப் புதியது என்பார்கள். உடனே புகார், உடனே நிறுத்தம். அண்டை உரிமையாளரோடு எழும் தகராறினால் பி.பி., அதாவது பெகாவாய் பெங்குவாசா என்ற ஒப்பந்தக் கண்காணிப்பு அதிகாரி, கொடுக்கும் உத்தரவு நீட்டிப்புக்கு ஒரு காரணம்தான். ஆனால் உங்கள் கவனக்குறைவால் வந்த தகராறு என்றால் கிடைக்காது. அதனால் வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கத்து வீடுகளையும் அறை அறையாகப் படமெடுத்து, விரிசல்களுக்கு அளவு குறித்து, உரிமையாளர் கையொப்பத்துடன் ஓர் அறிக்கை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவைப் பார்த்து விட்டுவிடுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஒரு செலவைக் குறைக்கவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் கூரை ஓட்டின் வகை, சுண்ணாம்புப் பூச்சு, ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தேவைப்படலாம். இந்த ஒப்புதல் வாங்கும் நேரம் யாருடையது? வரைபடம் வரைந்த ஆலோசகர் வாங்கவேண்டியது தாமதமானால், தேவையான விவரம் உரிய நேரத்தில் வரவில்லை என்ற காரணத்தில் நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த விவரத்தை நீங்கள் எழுத்தில், முன்கூட்டியே கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் காத்திருந்த நாள்கள் உங்கள் கணக்கில் ஏறும்.

நிலத்துக்கு அடியிலும் இந்த நகரத்தில் எதிர்பாராதவை இருக்கின்றன. கொம்தாருக்கு அருகே சியா போய் பழைய சந்தைத் திடலில் 2015இல் தோண்டியபோது பிராங்கின் கால்வாயின் பழைய கட்டுமானங்கள் வெளிப்பட்டன. அங்கே வரவிருந்த கலை வட்டாரத் திட்டமே மாறி, 2019இல் அது தொல்லியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. உங்கள் சின்ன வடிகால் வேலையில் ஒரு பழைய செங்கல் வளைவு தட்டுப்பட்டாலும் செய்யவேண்டியது இதுதான்: அந்த இடத்தில் மட்டும் தோண்டுவதை நிறுத்துங்கள், படமெடுங்கள், அன்றே பி.பி.க்கு எழுதுங்கள், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். மற்ற பகுதியில் வேலையைத் தொடருங்கள். தாமதத்தைக் குறைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்று 43ஆம் விதி கேட்கும்.

நீட்டிப்பு கிடைக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தைப்பூச இரதம் செல்லும் நாளில் சாலை மூடப்படும் என்பது முன்பே தெரிந்தது. காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் லாரி நுழையச் சிரமம் என்பதும் அப்படியே. அந்நியத் தொழிலாளர் பெர்மிட் தாமதம், சிமெண்ட் விலையேற்றம், சப்ளையர் ஏமாற்றியது போன்றவற்றை முதல் காரணமாக வைத்து எழுதாதீர்கள். மின் இணைப்புக்கும் தண்ணீர் இணைப்புக்கும் காத்திருந்த நாள்கள் இடைப்பட்டவை. விண்ணப்பத்தை எப்போது கொடுத்தீர்கள் என்ற தேதியை வைத்துத்தான் அங்கு வாதமே நடக்கும். கட்டடம் முடிந்தபின் விண்ணப்பித்தவருக்கு வாதமில்லை.

பாதுகாப்புக்காக வரும் நிறுத்த உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 அக்டோபர் 19 அன்று புக்கிட் குக்கூஸில், பினாங்கு மாநகர் மன்றத்தின் சாலைத் திட்டத் தளத்தில் மண் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அதே தளத்தில் கான்கிரீட் விட்டங்கள் விழுந்திருந்தன. ஒரு தளத்தை அதிகாரிகள் நிறுத்தினால், குத்தகையாளரின் குறையால் நிறுத்தப்பட்ட நாள்களுக்கு நீட்டிப்பு கிடையாது. ஆனால் நான் இதைச் சொல்வது நாள் கணக்குக்காக இல்லை. எல்ஏடி பயத்தில் மழைக்குப் பின் ஈரச் சரிவின் கீழ் ஆளை இறக்காதீர்கள். ஆபத்து என்று தோன்றினால் நிறுத்துங்கள், காரணத்தை எழுதுங்கள், பி.பி.யின் உத்தரவைக் கேளுங்கள். நாளுக்கு ஐந்நூறு வெள்ளி போனால் போகட்டும்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? தாமதம் வரப்போகிறது என்று தெரிந்தவுடனேயே எழுதவேண்டும் என்கிறது படிவம். முடிந்தபின் மொத்தமாகச் சேர்த்து அனுப்புவது தவறு. நீளம் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்: “இம்மாதம் 6ஆம் தேதி காலை 10 மணிக்கு உங்கள் பிரதிநிதியின் வாய்மொழி உத்தரவின்படி, கிழக்குப் பக்கத்து வீட்டாரின் புகாரால், பி வரிசையில் பைலிங் நிறுத்தப்பட்டது. மீதம் 14 பைல்கள் உள்ளன. இயந்திரம் ஒன்றும் ஆறு தொழிலாளர்களும் காத்திருக்கிறார்கள். திட்ட அட்டவணையில் இதற்கு அடுத்த வேலை பைல் கேப், அதுவும் தள்ளிப்போகும். இது 43ஆம் விதியின் கீழ் அறிவிப்பு. எத்தனை நாள் என்பதை நிறுத்தம் நீங்கியதும் தெரிவிப்போம். உத்தரவை எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்டுக்கொள்கிறோம்.” இதை மலாயில் எழுதி, பி.பி. பெயருக்கே அனுப்பி, ஜேகேஆர் கவுன்டரில் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை வாங்குங்கள்.

வாட்ஸ்அப் போதாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஆதாரமாக அது உதவும், அழிக்காதீர்கள். ஆனால் அறிவிப்பு எப்படிக் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும் முறைக்கு அது மாற்றாகாது. தளக் கூட்டக் குறிப்பும் அப்படித்தான். கூட்டத்தில் நீங்கள் சொன்னது குறிப்பில் விடுபட்டிருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் திருத்தம் கேட்டு எழுதுங்கள். தள நாட்குறிப்பைத் தினமும் எழுதி, கிளர்க் ஆஃப் வொர்க்ஸிடம் கையொப்பம் வாங்குங்கள். ஆள் எண்ணிக்கை, இயந்திரம், மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம், வந்து திரும்பிய லாரி. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே சர்வேயர் குழு இருக்கும். சிப்பாங்கில் கேஎல்ஐஏ2 முனையம் 2013 ஜூன் 28 என்று சொல்லி 2014 மே 2 அன்றுதான் திறந்தது; அந்த அளவு வேலைகளில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு வைக்க ஆள் வைத்துக்கொள்ள முடியும். நம்மிடம் முதலாளியும் சூப்பர்வைசரும் ஓட்டுநரும் ஒருவரே. அப்படியானால் மாலை ஆறு மணிக்கு லாரியைக் கிளப்பும் முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கவேண்டியதுதான்.

நாள் கிடைத்துவிட்டால் பணமும் கிடைக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. நீட்டிப்பு உங்களை எல்ஏடியிலிருந்து மட்டும் காக்கும். சும்மா நின்ற இயந்திர வாடகை, தள அலுவலகச் செலவு ஆகியவற்றைக் கேட்க 44ஆம் விதி தனி வழி. நிகழ்வு நடந்த 30 நாளுக்குள் கோரிக்கை வைக்கப்போவதாக எழுதவேண்டும். முழு விவரமும் வேலை முடிந்த 90 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் உரிமையே போகும் என்று படிவம் வெளிப்படையாகச் சொல்கிறது. எல்லாக் காரணத்துக்கும் பணம் கிடைக்காது. மழைக்கு நாள் உண்டு, காசு இல்லை. அரசு தளத்தை ஒப்படைக்கத் தாமதித்தது, விவரம் தரத் தாமதித்தது போன்றவற்றுக்கே கேட்கலாம். ஒரே கடிதத்தில் இரண்டு விதிகளையும் குறிப்பிடலாம், ஆனால் இரண்டையும் குறிப்பிட்டாகவேண்டும்.

51ஆம் விதியின் கீழ் நோட்டீஸ் வந்தால் அச்சத்தில் போனை அணைத்துவிட்டு இருக்காதீர்கள். குறையைச் சரிசெய்ய 14 நாள் தரப்படும். அந்த நாள்களுக்குள் மூன்று காரியம் நடக்கவேண்டும்: ஆள் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி கூடவேண்டும், வாரவாரியாக மீட்புத் திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும், தாமதத்தில் அரசுத் தரப்பின் பங்கு என்ன என்று முந்தைய கடிதங்களின் தேதியோடு பதில் போகவேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் 5 விழுக்காடு உத்தரவாதத் தொகை போகும், பதிவின் மேல் நடவடிக்கை வரும், மீதி வேலையை வேறொருவர் செய்ய ஆகும் கூடுதல் செலவும் உங்கள் மேல் விழும். முறிப்புக் கடிதம் வந்தேவிட்டால், முடிந்த வேலையைக் கூட்டாக அளக்க எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் சுயேச்சையான சர்வேயர் ஒருவரை வைத்து அளந்து படமெடுங்கள். புதியவர் உள்ளே வந்தபின் எது யார் போட்ட செங்கல் என்று யாருக்கும் தெரியாது.

இனி சப்-கான்டிராக்டர். நடப்பது இதுதான்: மேலே தாமதம், எல்ஏடி. அதைப் பெரிய குத்தகையாளர் கீழே தள்ளுகிறார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளிக்கு வயரிங் எடுத்தவரின் கடைசி இரண்டு பில்லும் நின்றுபோகும். கேட்டால், “ஜேகேஆர் எனக்கே இன்னும் குடுக்கல, வந்ததும் தரேன்.” சில இடங்களில் இன்னும் மோசம். பெரியவருக்கு ஜேகேஆர் நீட்டிப்புக் கொடுத்துவிட்டது, அவருக்கு எல்ஏடி இல்லை. ஆனாலும் சப்-கான்டிராக்டரிடம் ‘எல்ஏடி’ என்று பிடிப்பார். இதை நான் மென்மையாகச் சொல்லமாட்டேன். அது உழைத்தவன் காசைத் தின்பது.

பிடித்தம் என்று சொன்னவுடன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். வேலை முடியாமைச் சான்றின் நகல். இதுவரை கிடைத்த நீட்டிப்புகளின் நகல். உங்கள் சப்-கான்டிராக்டில் எந்த வரி இந்தப் பிடித்தத்தை அனுமதிக்கிறது என்ற விளக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் எல்ஏடி தொகை எழுதப்படவில்லை என்றால், உங்களால்தான் இத்தனை நாள், அதனால் இத்தனை நட்டம் என்று அவர் நிரூபிக்கவேண்டும். சுவர் எழும்பாமல் வயர் இழுக்க முடியாது. உங்களுக்கு அறை எப்போது ஒப்படைக்கப்பட்டது என்ற குறிப்பு உங்களிடம் இருந்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பணத்தை வாங்க 2012ஆம் ஆண்டு கட்டுமானப் பணப்பட்டுவாடா, அஜுடிகேஷன் சட்டம் இருக்கிறது. தொழிலில் ‘சிப்பா’ என்போம். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. அரசு ஒப்பந்தங்களும் இதற்குள் வருகின்றன. ‘எனக்கு வந்தால் உனக்கு’ என்ற நிபந்தனை செல்லாது என்று அதன் 35ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது முக்கியம்; வாய்ப்பேச்சில் வேலை எடுத்தவருக்கு இந்தச் சட்டத்தின் கதவு திறக்காது. குறைந்தது ஒரு வேலை ஆணையாவது வாங்காமல் ஆளை அனுப்பாதீர்கள்.

முதல் படி பணக் கோரிக்கைக் கடிதம். எவ்வளவு, எப்போது தரவேண்டியது, ஒப்பந்தத்தின் எந்த விதியின்படி, எந்த வேலைக்கு, இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்ற வாசகம். இவை இல்லையென்றால் அது வெறும் பில். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 10 வேலை நாள். அவர் வாய் திறக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருளில்லை. முழுவதையும் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் அஜுடிகேஷன் நோட்டீஸ் கொடுக்கலாம். அஜுடிகேட்டர் யார் என்பதில் இருவரும் உடன்படாவிட்டால் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் நியமிக்கும். கோரிக்கை, பதில், மறுபதில் முடிந்தபின் 45 வேலை நாளுக்குள் தீர்ப்பு வரவேண்டும். மொத்தத்தில் ஐந்து மாதத்தை ஒட்டி முடியக்கூடியது. நீதிமன்ற வழக்கோடு ஒப்பிட்டால் மிக விரைவு.

நாள் எண்ணுவதில் கவனம். வேலை நாள் என்பது தளம் இருக்கும் மாநிலத்தின் விடுமுறையைப் பொறுத்தது. ஜூலை 7 பினாங்கில் விடுமுறை, கணக்கில் சேராது. சுங்கைப் பட்டாணியில் வேலை எடுத்தால் கெடாவின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்குக் காலண்டரை வைத்துக்கொண்டு கெடா வேலைக்கு நாள் எண்ணாதீர்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தும் பணம் வராவிட்டால் இரண்டு ஆயுதங்கள் உண்டு. 29ஆம் பிரிவின்படி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை நிறுத்தலாம் அல்லது மெதுவாக்கலாம். அது ஒப்பந்த மீறலாகாது, அந்த நாள்களுக்கு நீட்டிப்பும் உண்டு. 30ஆம் பிரிவின்படி, பெரியவருக்கு மேலே இருப்பவரிடமே, அதாவது அவருக்குப் பணம் தரவேண்டியவரிடமே, நேராகக் கேட்கலாம். ஆனால் அந்த நேரத்தில் பெரியவருக்குத் தரவேண்டிய பாக்கி மேலே இருந்தால்தான் இது பலிக்கும். அதனால்தான் எல்லாம் முடிந்து இறுதிக் கணக்கும் தீர்ந்தபின் வராமல், பில் நின்ற உடனே தொடங்கச் சொல்கிறேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தீர்ப்புக்கு முன் கோபத்தில் ஆள்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறாதீர்கள். பணம் தராதவர் மேல் இருந்த தவறு, நீங்கள் தளத்தை விட்ட அன்றே உங்கள் மேல் திரும்பிவிடும். சிப்பாவில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்களே வாதாடலாம், விவரம் தெரிந்த சர்வேயரையும் வைத்துக்கொள்ளலாம். தொகை பெரிதென்றாலோ, எதிரில் வழக்கறிஞர் நிறுவனம் நின்றாலோ, முதல் கடிதத்துக்கு முன்பே கட்டுமான வழக்கு பார்க்கும் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பள்ளி மேலாளர் வாரியங்கள். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் புதிய கட்டடமோ சீரமைப்போ நடக்கும்போது வாரியத்தினர் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, “குத்தகையாளர் இழுத்தடிக்கிறார், நாங்கள் என்ன செய்யலாம்?” ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார் என்று பாருங்கள். ஜேகேஆர் என்றால் நீங்கள் அதில் தரப்பினர் இல்லை. குத்தகையாளருக்கு உத்தரவு போடவோ “இந்த அறையை மாற்றிக் கட்டு” என்று சொல்லவோ கூடாது. சொன்னால் அதுவே அவருக்கு நீட்டிப்புக் காரணமாகிவிடும். கவலையை எழுதி பி.பி.க்கும் கல்வி இலாகாவுக்கும் அனுப்புங்கள்.

அரசு மானியத்தை வாங்கி வாரியமே குத்தகை விட்டிருந்தால் நீங்கள்தான் முதலாளித் தரப்பு. கட்டடக் கலைஞர் ஒருவரை வைத்திருந்தால் அவர்கள் சங்கத்தின் பாம் 2018 படிவமாக இருக்கலாம். அதில் குத்தகையாளர் நீட்டிப்புக்கு 28 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். அறிவிப்பு வந்தால் நன்கொடை, கோயில் திருவிழா வேலைகளுக்கு நடுவில் அதை மேசையில் போட்டு வைக்காதீர்கள். மானியம் வந்த மகிழ்ச்சியில் முன்பணமாகப் பாதியைக் கொடுத்துவிடாதீர்கள். சான்றளிக்கப்பட்ட வேலைக்கு மட்டும் கொடுங்கள். எல்ஏடி தொகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். குத்தகையாளர் உங்கள் மேலும் சிப்பா கோரிக்கை வைக்கலாம். அப்போது உங்களுக்கும் பதில் சொல்ல 10 வேலை நாள்தான். வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். கடிதம் அடுத்த கூட்டம்வரை காத்திருந்தால் பதில் சொல்லும் வாய்ப்பு போய்விடும். ஆகவே ஒப்பந்தம் போடும் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எழுதுங்கள்: ஒப்பந்தம் தொடர்பான எந்தக் கடிதம் வந்தாலும், கூட்டத்துக்குக் காத்திராமல், மூன்று நாளுக்குள் ஆலோசகரிடம் கொண்டுபோகவும் வாரியத்தின் பெயரில் பதில் அனுப்பவும் செயலாளருக்கு அதிகாரம் உண்டு என்று.